எங்கள் நூறு மணி நேரத்தில் இன்னொருவர்

தொண்ணூறுகளின் கடைசியில், மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டாம் மாடியில் நாங்கள் குடியிருந்தபோது, இன்டர்நெட் எங்கள் வீட்டுக்கு ஓர் அட்டை உறையில் வந்தது. உறைக்குள் ஒரு சிறு புத்தகம். அதில் எங்களுக்கென்று ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு, நூறு மணி நேரம். ஓராண்டுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். என் கணவர் அதைப் பிரிப்பதற்கு முன் கை கழுவிக்கொண்டு வந்தார்.

நான் அடையாறில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவர் மவுண்ட் ரோட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். கம்ப்யூட்டர் வாங்கச் சொல்லி நச்சரித்தது டொரன்டோவில் இருந்த என் அக்கா. கடிதம் போய்ச் சேரப் பன்னிரண்டு நாள் ஆன காலத்தில், "இன்னிக்கி என்ன சமைச்சே?" என்று அவள் கேட்டதற்கு அன்றைக்கே பதில் போட முடிந்தது. முதல் பதில் வந்த நாளில் நான் படுக்கையறையிலிருந்து ஹாலுக்கும், ஹாலிலிருந்து சமையலறைக்கும் காரணமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தேன். முருங்கைக்காய் சாம்பார் என்று நான் எழுதியது கடலைத் தாண்டிப் போய், "ஐயோ, வாசனை வருதுடி" என்று திரும்பி வந்திருந்தது!

ஆனால் உள்ளே போய்விட்டால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். ஒன்றல்ல, இரண்டு. நூறு மணி நேரத்திலிருந்து நிமிடங்கள் கழிவது ஒன்று. தொலைபேசியில் லோக்கல் கால் ஏறுவது இன்னொன்று. அதனால் எங்களுக்கு விசித்திரமான பழக்கங்கள் வந்தன. அக்காவுக்கு எழுதும் கடிதத்தை முதலிலேயே அடித்து, பிழை திருத்தி, தயாராக வைத்துக்கொள்வேன். போன் லைனில் செருகிய மோடம் கீச்சிட்டு, இரைந்து, கரகரத்து, அமைதியானதும் மெயிலில் ஒட்டி அனுப்பிவிட்டு, "கட் பண்ணுங்க, கட் பண்ணுங்க!" என்று கத்துவேன். என் கணவர் கிரிக்கெட் செய்திகளை எட்டுப் பக்கம் வரிசையாகத் திறந்து வைத்துக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டு, பிறகு நிதானமாகச் சாய்ந்து படிப்பார். படங்கள் வராதபடி செய்துவைத்திருந்தோம். ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம் என்று ஒரு நோட்டில் நான் குறித்து வைத்தேன்.

கம்ப்யூட்டரைப் பொருத்திக் கொடுத்தவர் சிந்தாதிரிப்பேட்டை பக்கம் கடை வைத்திருந்த ஒருவர். முப்பது வயது இருக்கும். மொபெட்டில் வருவார். செருப்பை வாசலில் ஒழுங்காக விட்டுவிட்டு, "டீச்சர் மேடம்" என்று மரியாதையாகக் கூப்பிடுவார். அவருக்குத் தெரியாத விஷயமே இல்லை என்று நாங்கள் நம்பினோம்.

வைரஸைப் பிடிக்கும் ஒரு மென்பொருளையும் அவர்தான் போட்டுக் கொடுத்தார். புது வைரஸ்கள் வந்துகொண்டே இருக்கும், அதனால் அதற்கு அடிக்கடி புதுப் பட்டியல் ஏற்ற வேண்டும் என்றார். ஒருநாள் அந்தப் பட்டியலை இறக்கும் பொத்தானை அழுத்தினேன். ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும் என்று திரை சொன்னது. எங்கள் நூறில் ஒன்றரைக்கு மேல்! பதறிப்போய் மோடத்தின் ஒயரையே பிடுங்கிவிட்டேன்.

இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "அதுக்கெல்லாம் உங்க நேரத்த வேஸ்ட் பண்ணாதீங்க மேடம். மாசம் ஒருவாட்டி நானே ஃப்ளாப்பில கொண்டாந்து போட்டுடுறேன். இன்னொண்ணு, பாஸ்வேர்ட ஒவ்வொரு வாட்டியும் எதுக்கு அடிக்கிறீங்க? இங்க டிக் போட்டா மெஷினே ஞாபகம் வச்சிக்கும்."

டிக் போட்டார். எவ்வளவு நல்ல மனிதர் என்று காபி கொடுத்தேன். மாதா மாதம் வந்தார். ஃப்ளாப்பியைப் போடுவார், ஐந்து நிமிடம் தட்டுவார், காபி குடிப்பார், போவார்.

ஐந்து மாதம் இப்படிப் போனது.

நவம்பரில் ஒரு நாள், வங்காள விரிகுடாவில் புயல் என்று பள்ளிக்கு மழை விடுமுறை விட்டார்கள். கணவர் அலுவலகத்துக்குப் போய்விட்டார். காலை பதினோரு மணிக்கு வீட்டில் தனியாக இருப்பது எனக்குப் பண்டிகை மாதிரி. அக்காவுக்கு நீளமாக ஒரு கடிதம் அடித்துவிட்டு இணைப்பைப் போட்டேன். மோடம் வழக்கம்போல் கத்தி முடித்தது. பிறகு திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. 'நான் இன்னும் வெளியேதான் இருக்கேன்' என்று திரையிடம் சொன்னேன். மறுபடி போட்டேன். அதே வரி. மூன்றாவது முறை போட்டபோது சிரிப்பு போய்விட்டது. யாரோ என் பெயரில் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அந்த நிமிடத்தில். மழை ஜன்னலில் அடிக்க, நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டேகாலுக்கு வழி விட்டது.

இன்டர்நெட் தந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் நம் கணக்கைப் பார்க்க ஓர் இடம் உண்டு. பார்க்க நிமிடம் செலவாகும் என்பதால் நாங்கள் அங்கே போனதே இல்லை. அன்றைக்குப் போனேன். என் நோட்டுப்படி நாங்கள் செலவழித்தது முப்பத்தெட்டு மணி நேரம். அங்கே எழுபத்தொன்று என்று இருந்தது.

கீழே பட்டியல் இருந்தது. எந்த நாள், எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே. திங்கள், பத்து நாற்பது முதல் பதினொன்று ஐம்பது. அந்த நேரத்தில் நான் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் முக்கோணங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருப்பேன். செவ்வாயும் அப்படித்தான். புதனும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அந்த நேரத்தில் ஒன்றும் இல்லை. ஒழுங்கான திருடன்! எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது உண்மையில் பரபரப்பு. ஒரு கணக்கு டீச்சருக்கு முன்னால் இப்படி ஒரு வரிசையைப் போட்டால் வேறென்ன செய்வாள்?

சாயங்காலம் கணவர் குடையை மடக்குவதற்குள் எல்லாவற்றையும் கொட்டினேன். உடனே அந்த இன்டர்நெட் நிறுவனத்துக்குப் போன் செய்தார். "பாஸ்வேர்டு உங்க பொறுப்பு சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்று ஒரு பெண் குரல் சொல்லி, போனை வைத்துவிட்டது.

"மாத்திடலாம்" என்றார் கணவர்.

"மாத்திட்டா யாருன்னு தெரியாமலே போயிடுமே."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறே? மாத்து மொதல்ல."

மாற்றினேன். பழைய டிக்கையும் எடுத்தேன். புது பாஸ்வேர்டை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. இரண்டு பேரும் மனப்பாடம் செய்துகொண்டு, ஒருவரை ஒருவர் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டோம், வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் போன் அடித்தது. கம்ப்யூட்டர்காரர்.

"டீச்சர் மேடம், நல்லா கீறீங்களா? நெட்டு ஒழுங்கா வருதா?"

"வருதே."

"இல்ல... பாஸ்வேர்டு ஏதுனா மாத்தினீங்களா? சும்மா கேட்டேன்."

நாங்கள் மாற்றியது எங்கள் இருவருக்கும் அந்த நிறுவனத்துக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். இவருக்கு எப்படித் தெரிந்தது? மாற்றியதால் யாருக்கோ கதவு திறக்கவில்லை, அந்த யாரோ இவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். வேறு விடையே கிடையாது. குரலைச் சமமாக வைத்துக்கொண்டு, "ஆமா, சும்மா மாத்தினோம். ஏன்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல மேடம். புதுசா ஒரு வைரஸ் சுத்திக்கினு கீது. சனிக்கிழம ஃப்ளாப்பி எடுத்துக்கினு வரேன்."

"வாங்க, வாங்க" என்று போனை வைத்துவிட்டு, சமையலறையில் இருந்த கணவரிடம் ஓடினேன். "கெடச்சிட்டாரு! கெடச்சிட்டாரு!" அவர் கையில் கரண்டியோடு திரும்பி, "யாரு?" என்றார். சொன்னதும் நம்பவில்லை. "சேச்சே, காபி குடிச்சிட்டுப் போறவர்" என்றார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மொபெட் சத்தம் கேட்டது. செருப்பை ஒழுங்காக விட்டார். உட்கார்ந்தார். ஃப்ளாப்பியைப் போட்டார். நான் வழக்கம்போல் காபி போடப் போகாமல் அவர் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றேன். அவர் விரல்கள் மெதுவாயின.

"மேடம், டிக்க எடுத்துட்டீங்க போல. போட்டுடட்டுமா?"

"வேண்டாம்."

"அப்ப பாஸ்வேர்டு சொல்லுங்க, லைன் செக் பண்ணிடுறேன்."

"அதையும் நானே அடிக்கிறேன். நீங்க மொதல்ல அந்த ஃப்ளாப்பிக்குள்ள என்னென்ன இருக்குன்னு காட்டுங்க."

நான் குனிந்து, மவுஸைப் பிடித்து, நானே திறந்தேன். வைரஸ் பட்டியல் கோப்புகள் சில இருந்தன. அவற்றுக்குக் கீழே, கம்ப்யூட்டரில் நான் வைத்திருந்த என் பெயரிலேயே ஒரு கோப்பு. டிக் போட்டால் மெஷின் ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்றாரே, அந்த ஞாபகம் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. அதையே பிரதி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அதற்கும் கீழே இன்னும் நான்கு கோப்புகள், நான்கு வேறு பெயர்கள். நான்கு வீடுகள்!

"யாருக்குக் குடுத்தீங்க?" என்றார், என் பக்கத்தில் வந்து நின்ற கணவர். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

கம்ப்யூட்டர்காரர் முதலில் தரையைப் பார்த்தார். பிறகு சொன்னது என்னைக் கொஞ்சம் உலுக்கியது. "சார், எல்லாரும் நூறு மணி வாங்குறாங்க. பயந்து பயந்து முப்பது கூட முடிக்கிறதில்ல. வருசம் முடிஞ்சா மீதி போயிடுது. வீணாப் போறதுதானேன்னு... சாந்தோம்ல ஒரு போன் பூத் அக்காவுக்கு உங்களோடத குடுத்தேன்."

"சும்மா குடுத்தீங்களா?"

"இல்ல சார். வித்தேன்."

அவர் சொன்ன நியாயத்தில் ஒரு பாதி எனக்கு உறைத்தது. நாங்கள் உண்மையிலேயே பயந்து பயந்துதான் செலவழித்தோம். ஒன்றரை மணி நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்றுதான் இந்த மனிதரை மாதா மாதம் சாவியோடு உள்ளே விட்டோம். ஆனால் அதற்காக அவரை விட்டுவிட முடியுமா?

"கெளம்புங்க. அந்த பூத்துக்கு" என்றேன்.

மொபெட் முன்னால் போக, நாங்கள் ஆட்டோவில் பின்னால் போனோம். சாந்தோம் பெரிய சாலையிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பும் ஒரு தெருவில், மழையில் நனைந்த வலைகளைத் தாண்டி, மஞ்சள் போர்டு போட்ட எஸ்டிடி பூத். உள்ளே கண்ணாடிக் கூண்டு, ஜெராக்ஸ் மெஷின், சுவரில் மாதா படம், மூலையில் ஒரு கம்ப்யூட்டர். எங்களுடையதன் இரட்டைப் பிறவி. ஐந்தாறு பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

பூத் நடத்திய அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தார். கம்ப்யூட்டர்காரரைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார்.

"வாய்யா! நாலு நாளா லைன் கெடைக்கல. கேட்டா சர்வரு, சர்வருன்ற. இன்னா சர்வரு? இவங்கல்லாம் என்னிய பதில் சொல்ல சொல்லி குந்திக்கினு கீறாங்க பாரு!"

நான் சொன்னேன். "அம்மா, நீங்க யூஸ் பண்றது எங்க கணக்கு. எங்க வீட்டுது. இவரு எங்க கம்ப்யூட்டர்லேர்ந்து எடுத்து உங்களுக்கு வித்திருக்காரு."

அந்த அம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். முகம் சிவந்தது. "திருட்டு நெட்டா? முழுசா துட்டு குடுத்துக்கீறேன் மேடம்! நூறு மணின்னு சொன்னான். மாதா மேல சத்தியமா எனக்குத் தெரியாது." பிறகு அவரிடம் திரும்பி அவர் பேசியதை நான் இங்கே எழுத முடியாது. பெஞ்சில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கம்ப்யூட்டர்காரர் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் ஒண்டினார்.

இரைச்சல் கொஞ்சம் அடங்கியபோதுதான் பெஞ்சின் ஓரத்தில் ஒரு பெண் அழுவதைக் கவனித்தேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "அவ வூட்டுக்காரன் கப்பல்ல சமையலு" என்றார் பூத் அம்மா. "ஒவ்வொரு தொறமுகத்துலயும் எறங்கி மெயில் போடுவான். புயல்னு சொன்னதுலேர்ந்து தெனம் வந்து நிக்கிறா. நாலு நாளா தொறக்கவே முடியல."

நாலு நாள். நான் பாஸ்வேர்டை மாற்றிய நாளிலிருந்து.

அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "நான் லைன் போடறேன். எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க." பெண்கள் அத்தனை பேரும் சுவர்ப்பக்கம் திரும்பினார்கள். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த தலையை என் கணவர் பிடித்துத் திருப்பிவிட்டார். அடித்தேன். மோடம் கத்த ஆரம்பித்தது. கத்தி, இரைந்து, நின்றது. உள்ளே!

அந்தப் பெண் தன் மெயில் பெயரையும் பாஸ்வேர்டையும் உரக்கச் சொல்ல வாயெடுத்தாள். "சொல்லாதம்மா, நீயே அடி" என்று தள்ளி உட்கார்ந்தேன். ஒற்றை விரலால் அடித்தாள். பக்கம் மேலிருந்து கீழே வரி வரியாக இறங்கியது. தலைப்பு வந்தது. ஒரு கோடு வந்தது. பிறகு நின்றேவிட்டது. "வா, வா, வா" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அது நான்தான் என்று பிறகு கணவர் சொன்னார். கட்டமும் அதற்குள் தடித்த எழுத்தில் ஒரு பெயரும் வந்தன. முந்தின நாள் வந்த மெயில்.

ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். அவளால் படிக்க முடியவில்லை, கண்ணெல்லாம் தண்ணீர். நான் உரக்கப் படித்தேன். "நான் நல்லா கீறேன். கப்பல் சிங்கப்பூர் வந்துட்டுது. இங்க மழையே இல்ல. அம்மாகிட்ட சொல்லு. நீ சாப்ட்டியா?"

அந்த அறையில் எழுந்த சத்தத்துக்கு எதிர்வீட்டு நாய் குரைத்தது. அந்தப் பெண் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். என் கணவர், கிரிக்கெட் பக்கத்துக்கே எட்டு நிமிடத்துக்கு மேல் தராதவர், "எல்லாரும் பாருங்க, எல்லாரும் பாத்துடுங்க" என்று கையை வீசி அழைத்துக்கொண்டிருந்தார். மஸ்கட்டுக்கு இரண்டு மெயில், துபாய்க்கு ஒன்று, திரும்ப சிங்கப்பூருக்கு ஒன்று. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. என் நோட்டு வீட்டில் இருந்தது. அதன் பிறகு நான் அதில் எழுதவே இல்லை.

கம்ப்யூட்டர்காரர் அங்கேயே இரண்டு விஷயங்களுக்கு ஒத்துக்கொண்டார். ஒரு வாரத்துக்குள் பூத் அம்மாவுக்கு முறையாகப் புது உறை ஒன்று வாங்கித் தர வேண்டும். மற்ற நான்கு வீடுகளுக்கும் தானே போய்ச் சொல்லி, பாஸ்வேர்டை மாற்றச் செய்ய வேண்டும். போலீஸ் என்ற வார்த்தையை என் கணவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார். தி.நகரில் இருந்த ஒரு வீட்டுக்காரர் பிறகு எங்களுக்குப் போன் செய்து, "என்னங்க, இந்த ஆளு வந்து அழறான், உண்மையா?" என்று கேட்டதால் அவர் வாக்கைக் காப்பாற்றினார் என்று தெரிந்தது. எங்கள் வீட்டுப் படியை அவர் மறுபடி ஏறவில்லை.

மறுநாள் ஞாயிறு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அந்த ஒரு மணி நாற்பது நிமிடப் பொத்தானை அழுத்தினேன். போன் எடுக்கவும் முடியாது, வரவும் வராது. இருவரும் பாய் போட்டு உட்கார்ந்து, நீலக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறைவதை மேட்ச் பார்ப்பதுபோல் பார்த்தோம். முக்கால்வாசியில் இணைப்பு அறுந்தது. கணவர் தலையில் கை வைத்தார். மறுபடி முதலிலிருந்து. மூன்று மணி நேரம் கிட்டத்தட்ட. புதுப் பட்டியல் ஏறியதும் மென்பொருள் எங்கள் மெஷினை மேய ஆரம்பித்து, இரண்டே நிமிடத்தில் ஊளையிட்டது. ஒரு வைரஸ். இன்னொன்று. மூன்று! மாதா மாதம் காபி குடித்தவரின் அதே ஃப்ளாப்பி வழியாகத்தான் அவை வந்திருக்க வேண்டும்.

உடனே பூத்துக்குப் போன் போட்டேன். "அம்மா, உங்க மெஷின்லயும் இருக்கும். யாரு ஃப்ளாப்பி குடுத்தாலும் போடாதீங்க. நான் வரேன்."

"நீ வா மேடம். நான் மெஷினையே தொடல" என்றார்.

அந்த வாரம் பள்ளி விட்டதும் அடையாறிலிருந்து நேரே சாந்தோம் போவது வழக்கமாயிற்று. அவருடைய மெஷினில் ஐந்து இருந்தன. எங்களை மிஞ்சிவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது போலிருந்தது. எல்லாவற்றையும் துடைத்தோம்.

வெள்ளிக்கிழமை புது உறை வந்திருந்தது. ஒட்டியது பிரியாமல் எனக்காகக் காத்து வைத்திருந்தார். பிரித்து, உள்ளே போய், பாஸ்வேர்டை மாற்றும் பக்கம் வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தேன்.

"நீயே ஒண்ணு வெச்சிக் குடு மேடம். எனக்கு இதெல்லாம் தெரியாது."

"எனக்குத் தெரியக் கூடாதும்மா. யாருக்குமே தெரியக் கூடாது. உங்களுக்கு மறக்காததா, அடுத்தவங்க நெனைக்கவே முடியாததா ஒண்ணு வெச்சிட்டு, கட் பண்ணி, அதப் போட்டு மறுபடி உள்ள போய்ப் பாருங்க. நான் வெளிய நிக்கிறேன்."

வெளியே வந்து நின்றேன். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தெருமுனையில் மீன் கூடை வைத்திருந்த ஒரு பாட்டம்மா, "இன்னா மேடம், வெளிய நிக்கிறே?" என்றார்.

"உள்ள பாஸ்வேர்டு வெக்கிறாங்க."

"யாருக்கு?"

எப்படிச் சொல்வது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது உள்ளே மோடம் கத்தியது, இரைந்தது, நின்றது. பிறகு அந்த அம்மாவின் குரல் தெருவுக்கே கேட்டது.

"மேடம்! பூந்துட்டேன்! நானே பூந்துட்டேன்!"